பூட்டாமல் திருத்திய ரிங்க்

நான் ஐஸ் போடுகிறவன். கலியாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் அப்படித்தான் சொல்லுவேன்.

"ஐஸ்கிரீம் விக்கிற வானோ அண்ணை?"

இல்லை, ரிங்க் என்பேன். காலில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்துக் கட்டிச் சறுக்குகிற இடம். அதற்கு ஐஸ் போடுவது நான். அதற்குப் பிறகு கேள்வி வராது. சாப்பாட்டுக்கு எழும்பிவிடுவார்கள்.

வேலை இதுதான். ஆட்கள் கொஞ்ச நேரம் சறுக்கினால் ஐஸ் முழுக்கக் கீறல் விழும். எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டு நான் மெஷினை உள்ளே ஓட்டுவேன். அது மேல்தோலைச் சீவி எடுக்கும். பின்பக்கத்தால் சுடுதண்ணி விடும். தண்ணி கீறலுக்குள் இறங்கி உறையும். நான் வெளியே வரும்போது ஐஸ் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். பிள்ளைகள் தடுப்புப் பலகையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார்கள். கதவு திறந்ததும் பாய்வார்கள். கண்ணாடி போய்விடும்.

எனக்கு அதில் கவலை இல்லை. திரும்பப் போடலாம்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலாந்துக்கு வந்து குரோய்டனில் அகதிகளைப் பதிகிற பெரிய கட்டடத்தில் வரிசையில் நின்றேன். இங்கே இருக்கப் பேப்பர் கிடைத்தது. பெற்றோல் அடிக்கிற செட்டில் நின்றேன். பிறகு இந்த ரிங்கில் கூட்டித் துடைக்கிற வேலை. மெஷின் ஓட்டினவருக்கு முதுகு ஏலாமல் போனது. ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். ஊரில் உழவு மெஷின் ஓட்டியிருக்கிறேன். இது அதைவிட லேசு. சேறு இல்லை. அன்றிலிருந்து நான்தான்.

ரிங்க் பழசு. லண்டனில் நாங்கள் இருக்கிற மிச்சம் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வெளியே பார்த்தால் பெரிய சாமான் குடோன் மாதிரி இருக்கும். கூரை ஒழுகும். மழை இல்லாத நாளிலும் ஒழுகும். உள்ளே இருக்கிற ஈரம் மேலே போய்த் தகரத்தில் பிடித்து, சொட்டுச் சொட்டாக ஐஸில் விழும். விழுந்த இடத்தில் பொக்குளம் மாதிரி எழும்பும். காலையில் முதல் வேலையாக அலவாங்கு மாதிரி ஒரு இரும்போடு போய் அதையெல்லாம் செதுக்குவேன்.

ஐஸுக்குக் கீழே சீமெந்துத் தளம். தளத்துக்குள் குழாய்கள். குழாய்க்குள் உறையாத உப்புத் தண்ணி ஓடும். அதுதான் குளிர் கொடுப்பது. அந்தக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. ஒரு மூலையில் ஐஸ் ஒருநாளும் சரியாக இறுகாது. ஹொக்கி விளையாடுகிறவர்கள் அந்த மூலைக்கு 'குளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குளிரூட்டுகிற எஞ்சின் பழைய லொறி மாதிரி இருமும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பின்பக்கத்துக் குப்பைத் தொட்டிகளைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். அது எனக்கு எப்போதும் வெட்கம்.

கவுன்சில் ஒருநாள் முழுக்கத் திருத்துவதாகச் சொன்னது. எங்களுக்குச் சந்தோஷம். பிறகு மனேஜர் எங்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். அவர் வெள்ளைக்காரப் பெண். என்னைவிட வயது குறைவு. சின்ன வயதில் இதே ரிங்கில் சறுக்கிப் பழகினவர். இங்கிலீசில் அவர்கள் கதைத்ததை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"தளத்தை உடைக்க வேணும். குழாய் எல்லாம் புதுசு. கூரையும் புதுசு. ஒரு வருசத்துக்கு மேல பூட்டுவினம்," என்றார்.

எங்கள் எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் நினைவு. லண்டனில் இன்னொரு பக்கத்தில் ஒரு ரிங்க் இருந்தது. திருத்துவதற்கென்று பூட்டினார்கள். வேலை இழுபட்டது. சறுக்க வந்தவர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். சிலர் சறுக்குவதையே விட்டார்கள். பிறகு, யாருக்காகத் திறப்பது என்று கேட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பிளாட்ஸ் நிற்கிறது.

எங்களுக்கும் அதுதான் பயம். கூரை ஒழுகுவது பயம் இல்லை. ஆட்கள் போவதுதான் பயம். ஆட்கள் போனால் ரிங்க் போகும். ரிங்க் போனால் நானும் போவேன். இந்த வயதில் என்னை யார் எடுப்பான்?

முதல் கூட்டம் மேல்மாடியில் கோப்பி விற்கிற இடத்தில் நடந்தது. சுவரெல்லாம் படங்கள். புதுக் கூரை, புது விளக்கு, புது வாசல், கோப்பிக் கடைக்குப் பெரிய கண்ணாடி. எல்லாரிடமும் வட்டமான ஸ்டிக்கர்கள் தந்தார்கள். எது முக்கியமோ அந்தப் படத்தில் ஒட்டச் சொன்னார்கள்.

ஹொக்கி கோச் பெரிய உடம்புக்காரன். தாய் தகப்பன் ஜமேக்கா. அவன் தன்னுடைய எல்லா ஸ்டிக்கரையும் புதுத் தடுப்புப் பலகையில் ஒட்டினான். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு தாயிடம் கேட்டான்.

"உன்ர மிச்சத்தைத் தாறியா?"

"எனக்கு நல்ல கோப்பி வேணும்."

"உன்ர மகன் பலகையில மோதித்தான் பல்லை உடைச்சவன்."

"அதாலதான் எனக்குக் கோப்பி வேணும்."

சிரித்தார்கள். வாசலைப் பற்றி மட்டும் யாரும் வாதாடவில்லை. சக்கர நாற்காலியும் முன்வாசலால் வர வேண்டும் என்று எல்லாரும் ஒவ்வொன்று ஒட்டினார்கள். எனக்கு அது பிடித்தது. நானும் அங்கே ஒன்று ஒட்டினேன். மற்றவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் கேட்க நினைத்ததற்கு அங்கே படம் இல்லை.

திருத்த வேலைக்கு வந்த எஞ்சினியர் ஒரு பெண். நெற்றியில் சின்னப் பொட்டு. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் பார்த்தேன். எங்கள் ஆள் என்று விளங்கியது. நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் வேகமாக, தெளிவாக இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். எவ்வளவு காலம் பூட்டுவீர்கள் என்று யாரோ கேட்டபோது மறைக்காமல் சொன்னார்.

கோச் கவுன்சிலரைப் பார்த்தான். கவுன்சிலர் மெல்லிய மனிதர். மடிப்புக் குலையாத கோட்.

"பிறகு திறப்பியளோ?"

"அதுதான் எங்கட நோக்கம்."

"நோக்கம்!" என்றான் கோச். அவ்வளவுதான் சொன்னான். கூட்டம் முடிந்தது.

வீட்டுக்குப் போனேன். மனைவி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மடப்பள்ளியில் நிற்பாள்.

"என்ன, முகம் உப்பிடிக் கிடக்குது?"

"ரிங்கைப் பூட்டப் போகினம்."

"திருத்தப் போகினம் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"பூட்டித்தான் திருத்துவினம். ஒரு வருசத்துக்கு மேல."

"பேந்து திறப்பினம்தானே?"

"சனம் போயிடும். பேந்து ஆருக்குத் திறக்கிறது?"

அவள் கத்தியை வைத்தாள்.

"எங்கட கோயில் திருத்தேக்க என்ன செய்தவை? மூலஸ்தானத்தைப் பூட்டிப்போட்டு எல்லாரும் வீட்டை போங்கோ எண்டவையே?"

"இல்லை."

"பாலஸ்தானம் செய்தவை. பக்கத்து ஹோலுக்க பலகையால சின்ன அறை அடிச்சு சுவாமியை அதுக்க வைச்சவை. பூசை ஒருநாளும் நிக்கேல்லை. சனமும் போகேல்லை. நான் அந்த ஒடுக்கத்துக்க நிண்டு எத்தினை அண்டா சக்கரைப்பொங்கல் கிண்டினனான்? கும்பாபிஷேகத்துக்கு முந்தினதைவிடக் கூடச் சனமெல்லோ வந்தது."

"அது கோயில்."

"உங்கட ஐஸுக்கும் பக்கத்தில ஒரு கொட்டிலைப் போடச் சொல்லுங்கோவன்."

"ஐஸ் என்ன சுவாமியே?"

"உங்களுக்கு அதுதானே சுவாமி. கோயிலுக்கு வந்த நாளைவிட அங்க போன நாள்தானே கூட."

லீக்ஸை எடுத்துக் கழுவினேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போய், உள்ளே போகாமல் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று பார்த்தேன். பெரிய இடம். பாதி எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். ரிங்கில் பாதி அளவு ஐஸ் அதில் போடலாம். பெரிய கூடாரம் ஒன்று அடிக்க வேண்டும். நத்தார் காலத்தில், கிறிஸ்மஸுக்கு, ஊரூராக அப்படிப் போடுகிறார்கள்தானே. அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதோடு சேர்த்து நினைக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் இரண்டும் சேர்ந்தது.

இரண்டாவது கூட்டத்தில் எழும்பினேன். முன்பு ஒருநாளும் கூட்டத்தில் எழும்பினதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். மனேஜர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"கார் பார்க்கில் சின்ன ஐஸ்," என்றேன். "பெரிய ஐஸ் முடியும் மட்டும். முதலில் சின்னது. பிறகு பெரியதைப் பூட்டுங்கள். ஆட்கள் போகக்கூடாது."

கவுன்சிலர் கேட்டார். "இப்பிடி வேறெங்கயும் செய்திருக்கினமோ?"

"எங்கள் கோயிலில்."

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கவுன்சிலர் சிரிக்கவில்லை. விளங்கப்படுத்தச் சொன்னார். சாமியை இடம் மாற்றி வைப்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். எஞ்சினியர் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து படியால் இறங்கும்போது பின்னால் எஞ்சினியரின் குரல் வந்தது.

"அண்ணா! நீங்க தமிழா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்க சொன்னது பாலாலயம்தானே? நான் கோயம்புத்தூர். எங்க ஊர்க் கோயில்ல பாத்திருக்கேன்."

"நாங்கள் பாலஸ்தானம் எண்டுறது."

அவர் பையைத் தட்டினார். "இதுல நீங்க கேட்ட சின்ன ஐஸுக்கு ஒரு வரைபடம் இருக்குண்ணா. போட்டு ரொம்ப நாள் ஆச்சு."

"அப்ப ஏன் வெளியில எடுக்கேல்லை?"

"நானா எடுத்துக் காட்டுனா, எங்க கம்பெனி இன்னொரு வேலையைத் தலைல கட்டுறதுன்னு நினைப்பாங்க. இங்க இருக்கறவங்க கேக்கணும். யாருமே கேக்கலை. எல்லாரும் காபி கேட்டாங்க."

"அதுக்கு நானே அகப்பட்டன்? என்ர இங்கிலீசைக் கேட்டனீங்கள்தானே."

"நல்லாதான் பேசினீங்க."

"நாலு வசனம்."

"அதான் நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு கூட்டங்களில் கதை மாறியது. எது வேண்டும் என்ற கேள்வி போய், எதை விடலாம் என்ற கேள்வி வந்தது. சின்ன ஐஸ் சும்மா வராது, அதற்கும் அதே காசுதான். கோப்பிக் கடைக் கண்ணாடி போனது. புது இருக்கைகள் போயின. கோப்பி கேட்ட தாய், பிளாஸ்கில் கொண்டுவந்து குடிக்கிறேன் என்றார். கூரையையும் குழாயையும் வாசலையும் யாரும் தொட விடவில்லை.

கடைசியில் விடச் சொல்ல மிஞ்சியது கோச்சின் புதுப் பலகைதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. பெரிய ஆட்கள் ஹொக்கி விளையாட சின்ன ஐஸில் இடம் காணாது. பிள்ளைகள்தான் விளையாடலாம். அன்று மெஷின் அறை வாசலில் அவன் என்னை மறித்தான்.

"உன்ர கோயில் என்ர டீமை வெளியில போட்டிட்டுது."

"பெரிய ஆக்கள் ரெயில் ஏறி வேற ரிங்குக்குப் போகலாம். சின்னனுகள் போகாதுகள்."

"புதுப் பலகையும் இல்லையாம்."

"பழசைக் கழட்டித் தேய்ச்சுப் பூசித் தாறன்."

"நீயா?"

"நான்தான்."

கதவிலிருந்து கையை எடுத்தான். என்னை உள்ளே விட்டான். அடுத்த கூட்டத்தில் அவனே எழும்பி, பலகை வேண்டாம், பிள்ளைகள் இங்கே நிற்க வேண்டும் என்றான். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. அவன் அன்று செய்தது பெரிய வேலை. பலகைகளைத் தேய்த்தேன். அவனும் வந்து தேய்த்தான். பூச்சு முழுக்க அவன் தாடியில்.

கவுன்சில் ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு கட்டாயம் வைத்தது. நத்தார் விடுமுறைக்கு முன் சின்ன ஐஸ் போட்டு, அது பாதுகாப்பு என்று பரிசோதித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சின்ன ஐஸ் இல்லை. பெரியதைப் பூட்டிவிட்டுத் திருத்துவார்கள். வேலைக்காரர்களை ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கூடாரம் அடித்தார்கள். கார் பார்க் பார்வைக்குத்தான் சமம். தண்ணி ஊற்றினால் எல்லாம் ஒரு பக்கம் ஓடும். எஞ்சினியர் மட்டம் பார்த்துப் பார்த்து மணலும் பலகையும் வைத்து உயர்த்தினார். முழங்காலில் நின்று தானே பார்த்தார். அதற்கு மேல் ரப்பர் பாய்கள். பாய்க்குள் மெல்லிய குழாய்கள். இந்தக் குழாய்க்குள் உப்புத் தண்ணி இல்லை, வேறு குளிர்த் திரவம். கசிந்தால் தெரியட்டும் என்று அதற்குச் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள்.

ஐஸ் போடுவது என் பாடு. அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஹோஸை எடுத்துக் கையில் தந்தார்கள்.

புது ஐஸ் அவசரப்பட்டால் வராது. பனி மாதிரித் தூவ வேண்டும். உறைய விட வேண்டும். திரும்பத் தூவ வேண்டும். கூடத் தண்ணி விட்டால் குமிழி பிடிக்கும், பிறகு வெடிக்கும். கொஞ்சம் தடித்த பிறகு வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல் திரும்பவும் தண்ணி. நாள் முழுக்க நடந்தேன். மற்றவர்கள் எனக்கு மாறி நின்றார்கள். நான் சாப்பிடும்போது மனேஜர் ஹோஸைப் பிடித்தார்.

"ஒரே இடத்தில நிக்காதையுங்கோ," என்று கத்தினேன்.

"நான் உன்ர மனேஜர்."

"இஞ்ச இல்லை."

சிரித்துக்கொண்டு நடந்தார்.

கூடாரத்துக்குள் பெரிய மெஷின் போகாது. எங்கோ பருவ காலத்துக்குப் போட்ட ரிங்க் ஒன்றிலிருந்து சின்ன மெஷின் ஒன்று வாங்கினார்கள். பழசுதான். நல்ல எஞ்சின். லொறியில் வந்து இறங்கிய அன்று மனைவி ஒரு பை தந்துவிட்டாள். நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சை. ஒரு காகிதச் சரையில் குங்குமம்.

"புது வாகனம். சும்மா ஓடப்படாது."

"அது பழசு."

"உங்களுக்குப் புதுசுதானே. முன்னால ஒரு பொட்டு வையுங்கோ. தேசிக்காய்க்கும் குங்குமம் பூசிச் சில்லுக்குக் கீழ வைச்சு ஏத்துங்கோ."

எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் எல்லாரும் செய்வதுதான். கூடாரத்துக்கு வெளியே, வாசலில் வைத்துச் செய்தேன். ஒருவரும் இல்லை. பொட்டு வைத்தேன். நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தேன். ஏற்றினேன். நசிந்தது. தோலைக் கூட்டி அள்ளினேன். பிறகு உள்ளே விட்டு, பரிசோதனைக்கு முந்திய கடைசித் தண்ணியை விட்டேன். ஐஸ் நன்றாக வந்தது. மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தபோது மனேஜரும் எஞ்சினியரின் கம்பெனி ஆள் ஒருவரும் ஐஸ் ஓரத்தில் குனிந்து நின்றார்கள். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஐஸுக்குள் சிவப்பு. வாசலில் ஒரு கோடு. அதற்கப்பால் அங்கங்கே புள்ளி. மேலே துடைத்தால் போகவில்லை. ஐஸுக்குள்ளே உறைந்து கிடந்தது.

"குழாய் கசியுது," என்றார் அவர். "குளிரை நிப்பாட்ட வேணும்."

குளிரை நிற்பாட்டினால் ஐஸ் கரையும். பாயை எடுத்துக் குழாய் குழாயாகத் தேட வேண்டும். திரும்ப மட்டம், திரும்பத் தண்ணி. விடுமுறை போய்விடும். கவுன்சிலர் அன்று பின்னேரம் வருகிறார். மனேஜரின் கை சுவிட்சுப் பெட்டியின் மூடியில் இருந்தது.

நான் புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரே இடைவெளி. சில்லு ஒருமுறை சுற்றுகிற இடைவெளி. எனக்கு விளங்கியது. இந்த மெஷினின் சில்லில் வழுக்காமல் இருக்க ஆணி அடித்திருக்கும். ஆணிக்கு இடையில் அப்பியது போகவில்லை.

"நிப்பாட்டாதையுங்கோ," என்றேன்.

"ஏன்?"

குங்குமத்துக்கு இங்கிலீசில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "என்ர," என்றேன். "அது என்ர."

"உன்ர என்ன?"

அப்போது எஞ்சினியர் வந்தார். நடந்து வந்து முழங்காலில் இருந்தார். நகத்தால் ஐஸைச் சுரண்டி விரலில் தேய்த்தார். மணந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணா. வண்டிக்குப் பூஜை போட்டீங்களா?"

"மனிசி தந்துவிட்டவ."

"எலுமிச்சம்பழமா?"

"நாலு."

அவர் அப்படியே ஐஸில் குந்திவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி வந்தது. "எங்கப்பா புதுக் கார் எடுத்தப்ப, வீட்டு டைல்ஸ் எல்லாம் இப்படித்தான் ஆச்சு. இன்னும் போகலை," என்றார். பிறகு எழும்பி மற்றவருக்கு இங்கிலீசில் சொன்னார். அவர் நம்பவில்லை. நம்பாதது சரிதான். இருவரும் போய்க் குளிரூட்டுகிற மெஷினில் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தார்கள். கசிந்திருந்தால் முள் இறங்கியிருக்கும். கன நேரம் நின்று பார்த்தார்கள். முள் அசையவில்லை.

கம்பெனி ஆள் திரும்பி வந்து என்னிடம் கேட்டார். "அது எதுக்குச் செய்யிறது?"

"ஒரு ஆபத்தும் வராமல் இருக்க."

"அப்ப அது வேலை செய்யேல்லை."

"வேலை செய்திருக்கு," என்றார் மனேஜர். "கசிவு இல்லையே."

சுவிட்சுப் பெட்டியை இறுக்கி மூடினார்.

பிறகு கதைக்க நேரம் இல்லை. சிவப்பு இருந்த இடமெல்லாம் ஐஸைக் கொத்தி எடுத்தேன். சீவின பனியைத் தண்ணியில் குழைத்துக் குழியில் அடைத்தேன். எஞ்சினியர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வாளி தூக்கினார். மற்றவர் சுடுதண்ணியும் பிரஷும் எடுத்து மெஷினின் சில்லுகளைத் தானே தேய்த்தார். பின்னேரம் கவுன்சிலர் வரும்போது நான் கடைசித் தண்ணியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன்.

பரிசோதிக்கிறவர்கள் அளந்தார்கள். தடிப்புப் பார்த்தார்கள். பலகையைப் பிடித்து ஆட்டினார்கள். அசையவில்லை. கோச்சும் நானும் பூட்டின ஆணிகள். கவுன்சிலர் தன் நல்ல சப்பாத்தோடு ஐஸில் மெல்ல மெல்ல நடந்தார். ஒரு இடத்தில் நின்று குனிந்தார். மெல்லிய ரோசா நிறம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"இதென்ன?"

"கோயில்," என்றார் மனேஜர்.

கவுன்சிலர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "சரி," என்றார். பேப்பரில் கையெழுத்து வைத்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"உங்களை ஆர் ஐஸுக்க கொண்டுபோய் ஏத்தச் சொன்னது?"

"வெளியிலதான் ஏத்தினனான்."

"பேந்து சில்லைக் கழுவ வேண்டாமே?"

"ஓம்."

"நல்ல காலம், சாம்பிராணி தந்துவிடேல்லை."

பெரிய ஐஸைக் கரைத்தது நான்தான். வேறு யாரும் செய்யக்கூடாது என்று மனேஜரிடம் கேட்டிருந்தேன். எஞ்சினை நிற்பாட்டினேன். இருமல் நின்றது. கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஐஸ் உடனே கரையாது. முதலில் மங்கும். பிறகு வேர்க்கும். பிறகு விளிம்பால் விட்டுப்போகும். உள்ளே ஹொக்கிக்குப் பூசியிருந்த கோடுகளும் வட்டங்களும் தண்ணியில் கலங்கின. தண்ணியைத் துவாரத்துக்குத் தள்ளினேன். கடைசியில் சீமெந்து தெரிந்தது. இத்தனை காலம் அதற்கு மேல் ஓடியிருக்கிறேன். அதில் பெரிய வெடிப்புகள். 'குளம்' இருந்த மூலை கறுத்துக் கிடந்தது. இதற்கு மேலா இவ்வளவு நாள் கண்ணாடி மாதிரி ஐஸ் போட்டேன் என்று நினைத்தேன். நினைக்க நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. சொல்வதில் வெட்கம் இல்லை.

எஞ்சினியர் வந்து பக்கத்தில் நின்றார்.

"கவலையா இருக்காண்ணா?"

"இல்லை. உடைக்கட்டும். நல்லாத் திருத்துங்கோ."

"திருத்திடலாம்."

விடுமுறையின் முதல் நாள் கூடாரத்தில் ஆட்கள் நிரம்பினார்கள். காலையில் வருகிற வயதானவர்கள் வந்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வட்டமாகப் போனார்கள். சக்கர நாற்காலியோடு ஒரு பெண் முன்பக்கத்தால் நேரே வந்தாள். கார் பார்க்கில் ஏது பின்வாசல்? கோப்பித் தாய் பிளாஸ்கோடு வந்தார். கோச்சின் சின்னப் பிள்ளைகள் விழுந்து, எழும்பி, திரும்ப விழுந்தார்கள். பலகை தாங்கியது. இடம் நெருக்கம். முழங்கை இடிபட்டது. ஒருவரும் வேறு இடம் தேடிப் போகவில்லை.

சுவருக்கு அப்பால் பெரிய தளத்தை உடைக்கிற சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ரிங்கில் ஐஸ் ஒருநாளும் நிற்கவில்லை. அது கன பேரின் வேலை. அதில் என் கையும் இருக்கிறது.

மத்தியானம் மனேஜர் ஒரு நீளமான துணியைக் கொண்டுவந்தார். கவுன்சில் அனுப்பியது. தெருப்பக்க வேலியில் கட்ட வேண்டும். வேலை நடந்தாலும் திறந்திருக்கிறோம் என்று அதில் பெரிய எழுத்து. நான் ஒரு முனையைப் பிடித்தேன். கோச் மற்ற முனையைப் பிடித்தான்.

"உன்ர பக்கம் பதிஞ்சு கிடக்குது," என்றான்.

"உன்ர பக்கம்தான் உயர்ந்திருக்கு. நீ வளர்ந்தது காணாதோ?"

மனேஜர் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கையைக் காட்டி என் பக்கத்தை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். மிச்சம் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து தரிப்பில் நின்றது. மேல்தட்டில் இருந்த ஒரு பெண் எழுத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தட்டிக் காட்டினாள். பிறகு மணியை அடித்துவிட்டு இருவரும் அவசர அவசரமாக இறங்கினார்கள்.

நான் முடிச்சை இறுக்கினேன். அடுத்த ஆட்களுக்கு ஐஸ் போட உள்ளே போனேன்.